கதையை விடாத வாசகன்: முன்னேஸ்வரத் தலக்கதை முதல் மாதொருபாகன் வரை

நூலாசிரியனைப் பற்றியும் நூலைப் பற்றியும் நமது திறனாய்வாளர் எழுதிக் குவித்த அளவுக்கு நூலைப் பயில்வோனைப் பற்றி எழுதினாரல்லர். பழைய இலக்கண ஆசிரியர் இவ்விடயத்தில் நம்மினும் விழிப்பாயிருந்தனர். நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு வகுத்த எட்டு உறுப்புகளுள் ஆக்கியோன் பெயர் ஒன்றாயின், கேட்போர் மற்றொன்று. இன்னார் கேட்பதற்கென ஆக்கப்பட்டது என்று கூறாமல் நூலின் வாயிலைத் திறத்தலாகாது என்பது அவர் கொள்கை. ஆயின் கேட்டு முடித்த பின்னர் கேட்போன் என்ன செய்கிறான் என்பதை அவர் கூறிற்றிலர். கேட்டவன் எழுந்து போய்விடுவானாயின் சிக்கல் இல்லை. போகாதவனே இக்கட்டுரையின் பொருள். கதையின்மீது கொண்ட பற்று அளவிறந்து, அதை இருந்தபடியே விட மனமின்றி, அதனோடு ஒன்றைச் சேர்ப்பவனும், அதிலிருந்து ஒன்றை வெட்டுபவனும், ஆசிரியனிடம் திருத்தம் கோருபவனும், ஈற்றில் ஆசிரியனையே வாய்மூடச் செய்பவனும் ஒரே குலத்தவர்தாமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இதற்கு ஈழத்தின் மேற்குக் கரையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் பெயர்பெற்ற சிவத்தலம். கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகு அதற்குக் கொடை வழங்கியதைக் கூறும் கல்வெட்டு அங்குள்ளது. போர்த்துக்கேயர் அதனை 1578இல் இடித்ததும், கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அது மீண்டும் எழுந்ததும் வரலாற்று மாணவர் அறிந்தவை. இலக்கிய மாணவன் கருதத்தக்கது வேறொன்று. அது அத்தலத்தைப் பற்றிய கதை. இராவணனைக் கொன்று புட்பக விமானத்தில் மீண்ட இராமனைப் பிரமகத்தி தொடர்கிறது. முன்னேஸ்வரத்தை அணுகியதும் தன்னைத் தொடர்ந்த பழி நின்றுவிட்டதை அவன் உணர்கிறான், இறங்கி வழிபடுகிறான். பழி முற்றாக நீங்க மானாவாரி, திருக்கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், இராமேஸ்வரம் ஆகிய இடங்களில் இலிங்கம் தாபிக்குமாறு இறைவன் பணிக்கிறான். மானாவாரி முன்னேஸ்வரத்துக்கு அண்மையில், தெதுறு ஓயாவின் கரையில் உள்ளது. அங்குள்ள இலிங்கத்தை இராமலிங்கம் என்றே மக்கள் வழங்குவர்.

இக்கதையைச் சமய நோக்கில் விளக்குவோர் சைவத்தின் மேன்மையை நாட்ட எழுந்ததென்பர். அது உண்மையே. இராமேஸ்வரத்துத் தலபுராணமும் இதே பழியை இதே வகையில் தீர்க்கிறது. ஆயினும், இலிங்கம் எழுவதற்கு முன்னர் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இராவணன் புலத்தியன் வழிவந்தவன், விசிரவசுவின் மைந்தன், மறையறிந்தவன். அவனைக் கொன்றவனுக்குப் பழி இல்லையா? வான்மீகியின் யுத்த காண்டம் இவ்வினாவைப் பொருட்படுத்துவதில்லை. போர் முடிந்தது, சீதை மீண்டாள், முடிசூட்டு விழா நிகழ வேண்டும், காவியம் விரைகிறது. கதையைப் பலமுறை கேட்டுப் பாத்திரங்களோடு பழகிவிட்ட ஒருவனுக்கே இவ்விடத்தில் உறுத்தும். நாயகன்மீது பற்று மிகுந்தவனுக்கு அவ்வுறுத்தல் இன்னும் மிகும். தான் நேசிக்கும் இராமன் ஒரு கணக்கைத் தீர்க்காமல் அயோத்திக்குப் போவதை அவனால் பொறுக்கவியலாது. ஆசிரியன் விட்ட இடத்தைக் கேட்போன் நிரப்பினான். நிரப்பியதைத் தன் ஊரின் மண்ணிலேயே நிரப்பினான்.

இதே இதிகாசத்தின் மறுபக்கத்தைப் பற்றிக்கொண்ட இரசிகரும் உளர். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் சென்னை அரசினால் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப் பெற்றது. இலங்கையில் 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சிறு செய்மதிக்கு இராவணனின் பெயரே இடப்பட்டது. காவியம் தோற்கடித்த ஒருவனை அதைக் கேட்டோரின் வழிவந்தோர் தோல்வியிலேயே விட்டுவிடச் சம்மதிக்கவில்லை.

முன்னேஸ்வரக் கதையைப் படைத்தோர் ஒன்றைச் செய்தனர், ஒன்றைச் செய்யவில்லை. அவர்கள் வான்மீகியின் ஏட்டிலோ கம்பனின் ஏட்டிலோ கைவைக்கவில்லை. தங்கள் கதையை நூலுக்கு வெளியே, தலத்தின் பெயரால், தங்கள் பொறுப்பிலேயே சொன்னார்கள். இராமாயணத்தை முன்னேஸ்வரக் கதையின்றியும் படிக்கலாம்; முன்னேஸ்வரக் கதையை இராமாயணமின்றிப் படிக்கவியலாது. கடன் யாருக்கு என்பது அங்கே தெளிவாயிருக்கிறது.

நூலுக்குள்ளேயே புகுந்து பாடியோரும் தமிழில் இருந்தனர். கம்பன் காவியத்திற் கலந்துள்ள மிகைப்பாடல்களிற் பலவற்றை வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவரின் தலையிற் சுமத்தி, அவற்றை வெள்ளி பாடல் என வழங்குதல் மரபு. அவரொருவரே அத்தனையும் பாடினாரோ என்பது இருக்கட்டும். ஏடெழுதியோரும் ஏட்டைப் படித்துப் பயன் சொல்லியோரும் தம் சுவைக்கேற்பச் செய்யுள் பெய்தனர் என்பது சுவடிகளை ஒப்புநோக்குவோர் காணும் உண்மை. அவர்கள் பகைவரல்லர். கம்பனைப் போலப் பாட வேண்டும் என்ற ஆசை, கம்பனாகவே பாடிவிடலாம் என்ற துணிவாக முதிர்ந்தது. நூலின்மேற் கொண்ட காதல் நூலின் எல்லையை அழித்தமைக்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று இன்னும் நுண்ணியது. அது நம் காலத்துக்கு அணித்தானது. தமிழ்ச் சுவைஞர் அனைவருள்ளும் இரசிகன் என்ற சொல்லையே பட்டமாகப் பெற்றவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). அவர் நெல்லையில் கூட்டிய வட்டத்தொட்டியும், பின்னர் குற்றாலத்தில் அவர் இல்லம் தேடிச் சென்றோர் பெற்ற விருந்தும் இலக்கிய உலகில் கதைகளாகவே நிலவுகின்றன. இராசாசியும் கல்கியும் அவர்தம் நண்பர். செய்யுளை உரை கொண்டு பிளக்காமல், வாய்விட்டு, பாவம் தோன்ற, மீண்டும் மீண்டும் சொல்லிச் சுவைக்க ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர் அவரே. பண்டிதர் கையில் இறுகிக் கிடந்த கம்பன் அவர் நாவில் உயிர்பெற்றான் என்பது மிகையன்று. இதை முதலிற் சொல்லாமல் அவரைக் குறைகூறுதல் முறையாகாது.

ஆனால் அவர் பதிப்பித்த ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ன செய்தது? கம்பன் பாடியதென ஏடுகள் தரும் செய்யுட்களிற் பெரும்பகுதியை அவர் கம்பனுடையனவல்ல எனத் தள்ளினார். தள்ளியதோடு அமையாது, தாம் ஏற்ற செய்யுட்களிலும் சொற்களை மாற்றினார். அவருக்கு அளவுகோல் சுவடியன்று, தம் செவி. கம்பன் கவிச்சக்கரவர்த்தி, ஆதலால் அவன் தாழ்வான செய்யுளைப் பாடியிருக்க மாட்டான், இச்செய்யுள் என் செவியில் தாழ்வாக ஒலிக்கிறது, ஆதலால் இது கம்பனுடையதன்று. இந்த வாதத்தில் தவறு எங்கே என்று தேடினால், அது அன்பிலேயே தொடங்குவதைக் காணலாம். பெருங்கவிஞன் எவனும் பத்தாயிரம் செய்யுளையும் ஒரே உயரத்திற் பாடுவதில்லை. கதையை நகர்த்தும் செய்யுளும் இளைப்பாறும் செய்யுளும் அவனுக்கு வேண்டும். அந்த மனித இயல்பைக் கம்பனுக்கு மறுத்தது அவன்மேல் அளவற்ற பற்றுக்கொண்ட நெஞ்சம். வெள்ளி பாடல் பாடியோர் கம்பனோடு சேர்த்தனர். ரசிகமணி கம்பனைக் குறைத்தார். இருசாராரும் கைவைத்தது நூலுக்குள்ளே. தாம் விரும்பிய கம்பனே உண்மைக் கம்பன் என்பதே இருசாராரின் துணிபும்.

கம்பன் விடை சொல்ல வரமாட்டான். உயிரோடிருக்கும் ஆசிரியனிடம் வாசகன் இவ்வுரிமையைக் கோரும்போது நிலைமை மாறுகிறது. அதற்கு வழிவகுத்தது வாரப் பத்திரிகை. தொடர்கதையில் அடுத்த அத்தியாயம் எழுதப்படுமுன்னரே முந்திய அத்தியாயத்தைப் பற்றிய கடிதம் ஆசிரியன் மேசைக்கு வந்துவிடுகிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 ஒக்தோபரில் தொடங்கி 1954 மே மாதம்வரை வெளிவந்தது. அதை முடித்தபின் அவர் தனியாக ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது; பின்னர் யாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு அதில் விடைகூறினார். காவியப் புலவன் எவனும் இவ்வாறு கேட்போர் முன் கணக்கு ஒப்புவித்ததில்லை. அந்த விடைகளும் போதாமல் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற தொடர்ச்சியை எழுதினார். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரைப் படித்தோர் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டதும் இவ்வகையினதே.

இவ்விரசிகர் பெருங்கூட்டத்தில் ஈழத்து வாசகனும் இருந்தான் என்பதையும், அவனது பற்றுக்கு இங்கே ஒரு விலை இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தமிழகத்து வார இதழ்களின் நாயகர்களை வீட்டார்போல அறிந்த அவன், தன் ஊரில் எழுதிய ஒருவனை அறியாதிருந்தான். அவ்விதழ்களின் வரவைக் கட்டுப்படுத்த வேண்டுமென முற்போக்கு எழுத்தாளர் குரல் எழுப்பியதை வெறும் பொறாமை என ஒதுக்குவோர், 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அதைத் தம் கையாலேயே எடுத்துச் சென்று விற்க நேர்ந்ததை எண்ணிப் பார்ப்பாராக. அவர் தம் வாசகனைத் தெருவிற் சென்று தேட வேண்டியிருந்தது. வாசகன் ஆசிரியனை நெருக்குவது ஒரு துன்பமாயின், வாசகனே இல்லாதிருப்பது அதனினும் கொடிய துன்பம்.

அதே 1966இல்தான் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழையில் நனைந்து பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி, முன்பின் அறியாதவன் காரில் ஏறிக் கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலிற் பதறினும், மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவளாகிவிட்டாய் என்று தேற்றி, நடந்ததை மறைத்துவிடுகிறாள். கதைப்பெயர் இராமாயணத்திலிருந்து வந்தது. சீதைக்கு நெருப்பு வேண்டியிருந்தது. இத்தாய்க்கு ஒரு குடம் நீர் போதும். முன்னேஸ்வரத்துக்கு வடக்கே, அதே கரையோரத்தில் உள்ள உடப்பில், பாரதக் கதையோடு ஒட்டி நிகழும் திரௌபதையம்மன் விழாவில் அடியார்கள் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். கதைத் தலைவிக்காகக் கேட்போனே நெருப்பில் இறங்கும் பண்பாடு நம்முடையது. அத்தகைய பண்பாட்டில் ஊறியவர்க்கு, நெருப்பை நீராக மாற்றியவன் கதையின் அடித்தளத்தையே அசைத்தவனாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எதிர்ப்பு மூண்டது. கண்டனக் கடிதங்களும் மறுப்புகளும் எழுந்தன. கதையை இப்படி முடித்திருக்கலாகாது என்றோர் கருத்தின் சாரம், அத்தாய் அவ்வாறு நடந்துகொள்ள மாட்டாள் என்பதே. இங்கே ஜெயகாந்தன் செய்தது தமிழ் உரைநடை வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அவர் பணியவுமில்லை, வாசகரை உதறவுமில்லை. அவர்கள் வாதத்தையே எடுத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார். தாய் நீர் ஊற்றவில்லை, அலறிவிட்டாள், அண்ணன் அடித்துத் துரத்தினான், ஊரறிந்தது. அவ்வாறாயின் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்பதே தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரிற் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலாகி, 1972இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற படைப்பு. நீங்கள் கேட்ட முடிவு இதுதானே, இதோ பாருங்கள் என்று வாசகரை அழைத்துச் சென்று, அவர்கள் விரும்பிய ஒழுக்கத்தின் விளைவை நூற்றுக்கணக்கான பக்கங்களிற் காட்டினார்.

அந்நாவலில் மற்றுமொரு நுட்பம் உண்டு. நாயகி கங்கா ஒரு வாசகி. ஆர். கே. வி. என்ற எழுத்தாளர் எழுதிய அக்கினிப் பிரவேசத்தைப் பத்திரிகையிற் படித்து, இது என் கதையன்றோ என்று திடுக்கிடுகிறாள். தான் படித்த கல்லூரியில் வேலை பார்த்தவர் அவர் என்பது அவளுக்கு நினைவு வருகிறது. அவரைத் தேடிச் செல்கிறாள். அவர் மூலமே தன்னைக் கெடுத்தவனையும் கண்டுபிடிக்கிறாள். கதையில் தன்னையே காண்பவன் ஆசிரியன் வாசற்படியில் வந்து நிற்கிறான். எங்கிருந்து எடுத்தாய், ஏன் இப்படி முடித்தாய் என்று கேட்கிறான். வாசகப் பற்றின் ஆழமான வடிவம் இதுவே. ஜெயகாந்தன் அவனுக்குக் கதவைத் திறந்து, கதைக்குள்ளேயே ஓர் இருக்கை அளித்தார். 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ என மூன்றாம் முறையும் இப்பாத்திரத்திடம் அவர் திரும்பியதை நோக்கின், கங்காவை விட மனமில்லாதவர் வாசகர் மட்டுமல்லர் என்றே தோன்றுகிறது. மூன்றாவது நூல் மற்றிரண்டின் செறிவுடையதன்று என்பது எம் கருத்து. ஆசிரியனும் தன் கதையின் இரசிகனாகும்போது நேரும் தளர்ச்சி அது.

இதற்கு முன்னரே, வாசகனாயிருந்து எதிர்வழக்காடிய மாபெரும் எழுத்தாளன் புதுமைப்பித்தன். 1943இல் கலைமகளில் வந்த ‘சாப விமோசன’த்தில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். முன்னேஸ்வரக் கதையைச் சொன்னோர் இராமன்மீது படிந்த பழியைக் கழுவினர். புதுமைப்பித்தன் அவன் கழுவாத ஒன்றைச் சுட்டினார். இரண்டும் ஒரே வகையான வாசிப்பிலிருந்து பிறந்தவை: நூல் தீர்க்காத கணக்கைத் தேடும் வாசிப்பு. இராமாயணம் அறிந்தோர்க்கு இது பிடிக்காமற் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற கருத்துப்பட அவர் கதைத் தலைப்பிலேயே குறிப்பெழுதினார். வான்மீகி வழிவந்த கதையை ஒரு வரியும் அழிக்காமல், அதனருகே தம் கதையை நிறுத்தினார். விரும்பாதோர் விலகிப் போகலாம் என்று வழியும் விட்டார்.

கதையருகே கதையை நிறுத்த இயலாதோர், அல்லது விரும்பாதோர், கதையை நிறுத்தவே முற்படுகின்றனர். சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற தொடர், ஒரு சாதியார் தம்மை இழிவுபடுத்துவதாகக் கொதித்தெழுந்ததால் இடையிலே நின்றது. பின்னர் மாற்றி எழுதப்பட்டு ‘ரத்தம் ஒரே நிறம்’ ஆயிற்று. இரசிகரால் கொண்டாடப்பட்ட ஓர் எழுத்தாளருக்கே இந்நிலை நேர்ந்ததென்பது மனங்கொளத்தக்கது. அவருடைய எண்ணற்ற இரசிகரால் அத்தொடரைக் காக்க முடிந்ததில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ இவ்வனைத்தையும் ஒரே நூலில் அனுபவித்தது. 2010இல் வெளிவந்த அந்நாவல் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் தலத்தைச் சார்ந்தது. பிள்ளைப்பேறில்லாத காளி, பொன்னா என்னும் கணவன் மனைவியின் பாசமும், தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவில் பிள்ளை வேண்டி அறியா ஆடவனைக் கூடும் வழக்கம் பற்றிய கதையும் அதன் பொருள். நான்காண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்டது. முடிவு மூடப்படாத நாவல் அது. பொன்னா திருவிழாவுக்குப் போனதை அறிந்த காளி என்ன ஆனான் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டார். படித்தவன் மனம் அங்கே நிற்காது. 2014இல் அவர் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாயன்’ காளி இறந்துவிட்டதாகக் கொண்டு செல்கிறது. ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்ததாகக் கொண்டு செல்கிறது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முடிவுகளை வாசகன் கையிற் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்ற ஆசிரியன் தமிழில் வேறெவரும் இருப்பதாகத் தெரியவில்லை. கல்கி முடிவுரையிற் செய்ததையும் ஜெயகாந்தன் நாவலிற் செய்ததையும் விடத் துணிவான காரியம் இது. வாசகனை அவர் பங்காளியாகவே கொண்டார்.

அதே 2014இன் இறுதியில், அந்நாவல் தலத்தையும் ஒரு சமூகத்துப் பெண்களையும் இழிவுபடுத்துவதாகத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. பிரதிகள் எரிக்கப்பட்டன, ஊரில் கடையடைப்பு நிகழ்ந்தது. நூலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்துப் பரப்பப்பட்டன. இச்செயல் நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது. ரசிகமணி தமக்கு உகந்த செய்யுட்களைப் பொறுக்கினார். இவர்கள் தமக்கு உகாத பக்கங்களைப் பொறுக்கினர். இருவேறு நோக்கம், ஆயினும் முழு நூல் என்ற ஒன்று இருவர் கையிலும் இல்லாமற் போயிற்று. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன் நடந்த பேச்சில் ஆசிரியர் நூலைத் திரும்பப் பெற ஒப்பினார். அடுத்து, பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என அறிவித்தார்.

எதிர்த்தோரை வெறும் மூடர் என ஒதுக்கிவிடுதல் எளிது. நகரத்துத் திறனாய்வாளர் சிலர் அவ்வாறே செய்தனர். ஊருக்கும் அதன் கதைக்கும் உள்ள உறவை அறிந்தவன் அவ்வாறு செய்யான். முன்னேஸ்வரத்தார் தம் தலத்துக்கு ஒரு கதை சொன்னார்கள், அது அவர்களுடையது, அவர்களை உயர்த்தியது. திருச்செங்கோட்டுக்கு ஒருவர் கதை சொன்னார். அது தங்களைத் தாழ்த்தியதாக ஊரார் சிலர் எண்ணினர். அந்நோவைக் கூறவும், மறுத்தெழுதவும், எம் தலக்கதை இதுவே என்று நூலருகே வேறு நூலை நிறுத்தவும் அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. அவ்வாறு ஒரு மறுப்பு நாவல் எழுந்திருப்பின் அதைப் படிக்க யாம் முந்தியிருப்போம். நெருப்பும் கடையடைப்பும் அந்த உரிமையைப் பயன்படுத்தியவையல்ல, அதனைக் கைவிட்டவை. தலபுராணம் இயற்றும் ஆற்றல் வற்றிய இடத்திலேயே நூலெரிப்புத் தொடங்குகிறது என்பது எம் துணிபு.

சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. நாமக்கல்லில் ஏற்பட்ட உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனவும், அந்நூல் தனக்குப் பிடிக்கவில்லையெனின் வாசகன் அதை மூடிவைத்துவிடலாம் என்ற கருத்துப்படவும் நீதிபதிகள் கூறினர். எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்றனர். சட்டம் கூறவல்லது அவ்வளவே. மூடிவைக்க இயலாதவனே பற்றுடைய வாசகன் என்பதை நீதிமன்றம் அறிந்திருக்க வேண்டியதில்லை.

பெருமாள்முருகன் மீண்டும் எழுதினார். ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ அதே ஆண்டில் வெளிவந்தது. மனிதரைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்ற கருத்தை அதன் முன்னுரையிற் கூறி, தாம் நன்கறிந்த விலங்குகளுள் எவற்றை எழுதலாம், எவற்றைத் தொடலாகாது என்று எண்ணிப் பார்த்து, இறுதியில் ஓர் ஆட்டைத் தெரிந்தெடுத்தார்.